இரு கேள்விகள், ஒரு விடை: பிரான்சுவா ழாகோபின் ஆய்வு வாழ்க்கை

பாக்டீரியா மரபியலும் மூலக்கூறு உயிரியலும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒன்றையொன்று வளர்த்தெடுத்த வரலாற்றில், பாரிஸ் பாஸ்தர் நிறுவனத்தின் கூரையடி மாடியில் நடந்த ஆய்வுகளுக்குத் தனியிடம் உண்டு. அந்த மாடியின் நடைவழியில் ஒரு முனையில் ஆந்த்ரே ல்வோஃப், பாக்டீரியாவுக்குள் அடங்கிக் கிடந்து திடீரென்று எழும் வைரஸை ஆராய்ந்தார். மறுமுனையில் ழாக் மோனோ, பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதியைப் பாக்டீரியா எப்போது உண்டாக்குகிறது, எப்போது நிறுத்துகிறது என்பதை ஆராய்ந்தார். ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாகத் தோன்றிய இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்று கண்டவர், தமிழ்ப் பாடநூல்களில் ஜேக்கப் என்று குறிக்கப்படும் பிரான்சுவா ழாகோப். லாக் ஓபரான் என்ற பெயரில் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் இன்று ஒரு பக்கப் படமாகக் கற்கும் அறிவு, பல ஆண்டுக்காலக் கலப்புச் சோதனைகளாலும், பொய்த்துப்போன ஊகங்களாலும், நண்பர்களிடையே ஓயாமல் நடந்த வாதங்களாலும் உருவானது. 'உள்ளேயிருக்கும் சிலை' என்று பொருள்படும் தலைப்பில் 1987இல் வெளியான அவருடைய தன்வரலாறு அந்தப் பாதையைத் தடுமாற்றங்களோடு சேர்த்தே பதிவு செய்திருப்பதால், ஓர் அறிவியல் கருத்து எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிய விரும்புவோருக்கு அவருடைய வாழ்க்கை அரியதொரு சான்றாகிறது.

ழாகோப் 1920 ஜூன் 17 அன்று பிரான்சின் கிழக்கிலுள்ள நான்சி நகரில், யூதக் குடும்பமொன்றின் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். அறுவை மருத்துவராகும் நோக்கத்துடன் பாரிசில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவர், 1940 ஜூனில் ஜெர்மானியப் படையிடம் பிரான்ஸ் வீழ்ந்தபோது, தாயை இழந்த துயரம் ஆறுவதற்குள் கடல் கடந்து இங்கிலாந்து சென்று, த கோல் தலைமையிலான சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். போரிட விரும்பிச் சென்றவருக்கு, மருத்துவம் படித்தவர் என்பதால், காயமுற்றோரைக் கவனிக்கும் பணியே தரப்பட்டது. லிபியாவிலும் துனீசியாவிலும் பணியாற்றிய பின்னர், 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் நடந்த விமானத் தாக்குதலில் அவரே படுகாயமுற்று மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தது. விடுதலைப் போரில் பங்காற்றியோருக்கு பிரான்ஸ் வழங்கிய உயர்ந்த மரியாதைகளில் ஒன்றான விடுதலைச் சிலுவை அவருக்குக் கிடைத்தது. ஆனால் காயங்களின் பின்விளைவு அறுவை மருத்துவர் என்ற எதிர்காலத்தை அவரிடமிருந்து பறித்துவிட்டது. 1947இல், திரோத்ரிசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் பற்றிய ஆய்வேட்டுடன் மருத்துவப் படிப்பை முடித்தபோது, பட்டம் இருந்தும் செய்வதற்கு ஒரு தொழில் இல்லாதவராக அவர் நின்றார்.

உயிரியலின் பக்கம் திரும்ப முடிவு செய்த ழாகோப், தம் அறிவியல் பயிற்சி மிகக் குறைவு என்பதையும், 30 வயதை எட்டிய ஒருவர் இளம் மாணவர்களோடு சேர்ந்து அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதையும் நன்கு அறிந்திருந்தார். ல்வோஃபின் ஆய்வுக்கூடத்தில் இடம் கேட்டுப் பலமுறை சென்றும், இடமில்லை என்ற மறுமொழியே அவருக்குக் கிடைத்தது. 1950 ஜூனில் மீண்டும் சென்றபோது ல்வோஃப் நல்ல மனநிலையில் இருந்தார். புரோபேஜைத் தூண்டி எழுப்பும் வழியைக் கண்டுவிட்டதாகச் சொல்லி, அதில் பணியாற்ற விருப்பமா என்று கேட்டார். அச்சொற்கள் எதைக் குறிக்கின்றன என்றே தெரியாத நிலையிலும், அதுதான் தாம் செய்ய விரும்புவது என்று ழாகோப் விடையிறுத்ததாகத் தன்வரலாறு கூறுகிறது. அவ்வாண்டே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அவர், 1951இல் அறிவியல் பட்டமும், 1954இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

அன்று ல்வோஃப் கண்டறிந்திருந்ததன் பொருளை உணர, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸாகிய பேஜின் இயல்பைச் சற்று அறிய வேண்டும். பேஜ்களில் பல, பாக்டீரியாவுக்குள் தம் மரபுப்பொருளைச் செலுத்தி, அங்கே பெருகி, அரைமணி நேர அளவில் அதை உடைத்துக்கொண்டு வெளியேறுபவை. வேறு சிலவோ உள்ளே நுழைந்தபின் பெருகாமல் அடங்கி, பாக்டீரியா பிரியும்போதெல்லாம் தாமும் பிரிந்து, பல தலைமுறைகளுக்கு எந்த அடையாளமும் காட்டாமல் தொடர்கின்றன. இவ்வாறு அடங்கிய நிலையிலுள்ள வைரஸ் புரோபேஜ் எனப்படும். அதைச் சுமக்கும் பாக்டீரியா லைசோஜெனிக் பாக்டீரியா எனப்படும். லைசோஜெனிக் பாக்டீரியாவின் மீது புறஊதாக் கதிரைச் செலுத்தினால், ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் புரோபேஜ் எழுந்து பெருகத் தொடங்குகிறது என்பதே ல்வோஃபும் அவருடைய துணைவர்களும் கண்டது. புரோபேஜ் உயிரணுவின் எப்பகுதியில் தங்குகிறது, அதன் மரபணுக்களை அவ்வளவு காலம் அடக்கி வைத்திருப்பது எது என்னும் கேள்விகள் எஞ்சி நின்றன. ழாகோபின் முனைவர் பட்ட ஆய்வு லைசோஜெனிக் பாக்டீரியாவைப் பற்றியதாகவே அமைந்தது.

இந்தப் பணியில் அவருக்கு வாய்த்த துணைவர் எலி வோல்மான். வோல்மானின் பெற்றோரான யூஜீனும் எலிசபெத்தும் இதே பாஸ்தர் நிறுவனத்தில் இதே லைசோஜெனி நிகழ்வை ஆராய்ந்தவர்கள். 1943இல் நாஜிகளால் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, திரும்பி வராமலே போனவர்கள். பெற்றோர் விட்ட இடத்திலிருந்து மகன் தொடர்ந்த ஆய்வில், போரில் காயமுற்ற ழாகோப் வந்து சேர்ந்தார் என்பதை நினைவில் கொண்டால்தான், அந்தக் கூரையடி மாடியில் நிலவிய ஈடுபாட்டின் ஆழம் விளங்கும். பாக்டீரியாக்களும் தம்முள் இணைந்து மரபணுக்களைக் கைமாற்றும் என்பதை 1946இல் அமெரிக்காவில் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எட்வர்ட் டேட்டமும் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவைக் கொண்டு காட்டியிருந்தார்கள். இந்த மாற்றம் ஒருவழிப்பட்டது, ஓர் உயிரணு கொடுப்பது, மற்றொன்று பெறுவது என்பதைப் பின்னர் லண்டனில் வில்லியம் ஹேஸ் நிறுவியதோடு, மரபணுக்களை மிகுந்த அளவில் கைமாற்றும் கொடையாளி வகையொன்றையும் கண்டறிந்தார். அந்த வகையைக் கொண்டு, எஸ்தர் லெடர்பெர்க் கண்டறிந்த லாம்டா என்ற பேஜின் புரோபேஜ் எங்கே தங்குகிறது என்று தேடத் தொடங்கிய ழாகோபும் வோல்மானும், தேடியதைவிடப் பெரியதொன்றை அடைந்தார்கள்.

கொடையாளி பாக்டீரியாவையும் பெறும் பாக்டீரியாவையும் ஒரே குடுவையில் கலந்துவிட்டு, குறித்த நிமிட இடைவெளிகளில் சிறிதளவு எடுத்து, சமையலறை மிக்சியில் இட்டுச் சுழற்றி, இணைந்திருந்த இணைகளைப் பிரித்துவிடும் முறையை அவர்கள் 1955இல் கையாண்டார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த ஊட்டத்தில் கொடையாளி அழிந்துபோக, அந்த மருந்தைத் தாங்கும் பெறும் பாக்டீரியா மட்டும் வளர்ந்தது. அது புதிதாகப் பெற்றிருந்த பண்புகளைக் கொண்டு, எந்த நிமிடத்துக்குள் எந்த மரபணு உள்ளே வந்திருந்தது என்று கணக்கிட முடிந்தது. ஹேஸின் கொடையாளி வகையில், லாக்டோஸைப் பயன்படுத்த உதவும் மரபணு 18ஆம் நிமிடத்தை ஒட்டியும், கேலக்டோஸைப் பயன்படுத்த உதவும் மரபணு 25ஆம் நிமிடத்தை ஒட்டியும் நுழைந்தன. சோதனையை எத்தனை முறை செய்தாலும் வரிசை மாறவில்லை. குரோமோசோம் என்பது மரபணுக்கள் வரிசையாக அமைந்த ஒரு நீண்ட இழை என்பதும், அது ஒரு முனையிலிருந்து சீரான வேகத்தில் உள்ளே செல்கிறது என்பதும் இவ்வாறு தெளிவாயின. முழு இழையும் சென்று சேர 100 நிமிடங்கள் அளவில் ஆகும் என்பதால், ஈ. கோலையின் மரபணு வரைபடத்தில் தொலைவுகள் இன்றும் நிமிடங்களிலேயே குறிக்கப்படுகின்றன. வெவ்வேறு கொடையாளி வகைகள் வெவ்வேறு இடங்களில் தொடங்கினாலும் அவற்றின் வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தி வந்ததிலிருந்து, அந்தக் குரோமோசோம் வட்ட வடிவானது என்று இருவரும் உய்த்துணர்ந்தார்கள். 1963இல் ஜான் கெய்ர்ன்ஸ் எடுத்த கதிரியக்கப் படம் அதைக் கண்ணுக்குக் காட்டியது.

இதே கலப்புச் சோதனைகளில் எதிர்பாராத ஒரு நிகழ்வும் வெளிப்பட்டது. புரோபேஜைச் சுமக்கும் கொடையாளியின் குரோமோசோம், புரோபேஜ் இல்லாத பாக்டீரியாவுக்குள் நுழைந்த உடனே, அதுவரை அடங்கியிருந்த வைரஸ் எழுந்து பெருகி அந்த உயிரணுவை உடைத்தது. பெறும் பாக்டீரியாவிலும் அதே புரோபேஜ் ஏற்கனவே இருந்தால் எதுவும் நிகழவில்லை. அடக்கி வைக்கும் பொருள் உயிரணுவின் உட்கூழில் பரவியிருக்கிறது, அது இல்லாத இடத்துக்குச் சென்றதும் புரோபேஜ் கட்டவிழ்கிறது என்பதே இதற்கு இயல்பான விளக்கம். ஆயினும், இது வைரஸ்களுக்கே உரிய தனித்தன்மை என்ற எண்ணத்தைத் தாண்டி அன்று யாரும் செல்லவில்லை.

நடைவழியின் மறுமுனையில் மோனோ, போருக்கு முன்பே தொடங்கியிருந்த ஓர் ஆய்வைத் தொடர்ந்துகொண்டிருந்தார். ஈ. கோலை தன் சூழலில் லாக்டோஸ் இருக்கும்போது மட்டும், அதை உடைக்கும் பீட்டா கேலக்டோசிடேஸ் என்ற நொதியைப் பெருமளவில் உண்டாக்குகிறது. லாக்டோஸ் இல்லாதபோது ஏறத்தாழ முற்றிலும் நிறுத்திவிடுகிறது. நொதியின் அமைப்பை முடிவு செய்யும் மரபணு 'இசட்' என்றும், லாக்டோஸை உள்ளே கொண்டுவரும் புரதத்துக்கான மரபணு 'ஒய்' என்றும், இவை செயல்படும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் மரபணு 'ஐ' என்றும் குறிக்கப்பட்டன. 'ஐ' பழுதுபட்டால், லாக்டோஸ் இல்லாதபோதும் நொதி உண்டாகிக்கொண்டே இருந்தது. பழுதுபட்ட 'ஐ' லாக்டோஸைப் போன்ற ஒரு தூண்டுபொருளை உள்ளேயே தயாரிக்கிறது என்று மோனோ எண்ணினார். பழுதுபடாத 'ஐ' ஓர் ஒடுக்கியை, அதாவது தடுத்து நிறுத்தும் பொருளை, உண்டாக்குகிறது என்ற மாற்றுக்கருத்தை இயற்பியலறிஞர் லியோ சிலார்ட் வலியுறுத்தினார்.

இந்த வழக்கைத் தீர்த்தது, அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்து வந்திருந்த ஆர்தர் பார்டியும் ழாகோபும் மோனோவும் 1957–58இல் சேர்ந்து செய்த சோதனை. மூவர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'பாஜாமோ' என்று அது அழைக்கப்படுகிறது. நல்ல 'இசட்', நல்ல 'ஐ' இரண்டையும் உடைய கொடையாளியிலிருந்து, இரண்டும் பழுதுபட்ட பாக்டீரியாவுக்குள், லாக்டோஸ் இல்லாத சூழலில், அந்த மரபணுக்களைச் செலுத்தினார்கள். 'இசட்' நுழைந்த சில நிமிடங்களில் நொதி முழு வேகத்தில் உண்டாகத் தொடங்கியது. பின்னர், தூண்டுபொருள் சேர்க்கப்படாத குடுவைகளில், ஒரு மணி நேரத்தைத் தாண்டியதும் நின்றுபோனது. புதிதாக நுழைந்த நல்ல 'ஐ' மரபணு மெல்ல மெல்லச் சேர்த்த ஒரு பொருளே உற்பத்தியை நிறுத்தியது என்பது தெளிவாயிற்று. ஒடுக்கி உண்டு என்றும், லாக்டோஸின் வேலை அந்த ஒடுக்கியைச் செயலிழக்கச் செய்வதே என்றும் ஆனபோது, தம் நீண்டகாலக் கருத்துக்கு மாறான அந்த முடிவை மோனோ ஏற்றுக்கொண்டார்.

1958 ஜூலையில், நியூயார்க்கில் நிகழ்த்த வேண்டிய ஒரு சொற்பொழிவுக்காகத் தம் ஆய்வுகளைத் தொகுத்துக்கொண்டிருந்த ழாகோப், வேலை ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மனைவி லீசுடன் திரைப்படம் பார்க்கச் சென்றார். திரையில் கவனம் செல்லாமல் கண்மூடியிருந்தபோது, நடைவழியின் இரு முனைகளிலும் நடப்பது ஒரே சோதனை என்ற எண்ணம் அவருக்குள் உறைத்தது. ஒடுக்கி இல்லாத உயிரணுவுக்குள் நுழைந்த புரோபேஜ் கட்டவிழ்கிறது. ஒடுக்கி இல்லாத உயிரணுவுக்குள் நுழைந்த 'இசட்' மரபணுவும் அவ்வாறே கட்டவிழ்கிறது. இரண்டிலும் ஒற்றை மரபணு உண்டாக்கும் பொருள் பிற மரபணுக்களைத் தடுத்து நிற்கிறது. புரோபேஜில் அடங்கிக் கிடக்கும் மரபணுக்கள் பல என்பதால், ஒவ்வொரு புரதத்தின் உற்பத்தியையும் தனித்தனியே தடுப்பது பொருந்தாது. மரபணுக்கள் அமைந்துள்ள டிஎன்ஏவின் மீதே ஒடுக்கி நேரடியாகச் செயல்பட வேண்டும். மரபணுவை எட்ட முடியாத உயரத்திலிருக்கும் ஒன்றாக அக்கால மரபியல் கருதியதால், அதைத் திறக்கவும் மூடவும் முடியும் என்ற கருத்து பலருக்கு ஏற்புடையதாக இல்லை. விடுமுறை கழிந்து திரும்பிய மோனோவும் முதலில் ஐயுற்று, எதிர்வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்; அந்த வாதங்களுக்கு விடை தேடியதில்தான் கருத்து உறுதிபெற்றது.

ஒடுக்கி டிஎன்ஏவில் ஓரிடத்தில் செயல்படுமானால், அந்த இடமும் மரபுமாற்றத்தால் பழுதுபடக்கூடும் என்பது கருத்தின் நேரடி விளைவு. அத்தகைய பழுது, ஒடுக்கி நல்ல நிலையில் இருந்தும் அதற்குப் பணியாத பாக்டீரியாவைத் தர வேண்டும்; மேலும், ஒரே உயிரணுவில் இரு குரோமோசோம் பகுதிகள் இருந்தால், பழுதுபட்ட இடத்தை ஒட்டியிருக்கும் மரபணுக்களை மட்டுமே அது விடுவிக்க வேண்டும். இவ்வாறு முன்கூட்டிச் சொல்லப்பட்ட பாக்டீரியாக்கள் தேடியபோது கிடைத்தன. அந்த இடத்துக்கு ஆபரேட்டர் என்றும், அதன் கட்டுப்பாட்டில் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடும் மரபணுத் தொகுதிக்கு ஓபரான் என்றும் 1960இல் பெயரிட்டார்கள். ஒடுக்கியையோ ஆபரேட்டரையோ யாரும் பிரித்தெடுத்துப் பார்த்திராத காலத்தில், கலப்புகளின் விளைவை எண்ணிப் பார்த்தே அவற்றின் இருப்பும் செயலும் வரையறுக்கப்பட்டன என்பது பாக்டீரியா மரபியலின் தருக்க வலிமைக்குப் பெருஞ்சான்று.

பாஜாமோ சோதனை வேறொரு புதிரையும் விட்டுச்சென்றது. மரபணு நுழைந்த சில நிமிடங்களிலேயே நொதி முழு வேகத்தில் உண்டாகிறது என்றால், மரபணுவின் செய்தியைப் புரதத் தயாரிப்பு நிலையங்களான ரைபோசோம்களுக்குக் கொண்டுசெல்லும் பொருள் விரைவில் உண்டாகி விரைவில் அழிவதாக இருக்க வேண்டும். ரைபோசோமின் நிலையான ஆர்என்ஏவுக்கு அந்த இயல்பு இல்லை. 1960 ஏப்ரலில், புனித வெள்ளியன்று, கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரின் அறையில் பிரான்சிஸ் கிரிக் முதலியோரிடம் ழாகோப் இந்த முடிவுகளை விளக்கியபோது, பேஜ் தாக்கிய பாக்டீரியாவில் தோன்றும் குறுகிய ஆயுளுடைய ஆர்என்ஏவைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்று பிரென்னருக்கும் கிரிக்குக்கும் நினைவுக்கு வர, இரண்டும் ஒன்றே என்று அங்கேயே உணரப்பட்டது. அவ்வாண்டுக் கோடையில் ழாகோபும் பிரென்னரும் கலிபோர்னியாவின் பாசடீனாவுக்குச் சென்று, மாத்யூ மெசல்சனின் ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்தார்கள். எடை மிகுந்த கார்பன், நைட்ரஜன் அணுக்களைக் கொண்ட ஊட்டத்தில் வளர்த்த பாக்டீரியாவை, பேஜ் தாக்கியவுடன் சாதாரண ஊட்டத்துக்கு மாற்றி, புதிய ஆர்என்ஏ பழைய கனத்த ரைபோசோம்களில் சேர்கிறதா என்று பார்ப்பது திட்டம். ரைபோசோம்கள் சிதைந்துபோய் முயற்சிகள் தொடர்ந்து தோல்வியுற்றன. அவற்றைப் பிரிக்கப் பயன்படுத்திய சீசியம் உப்பு, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் மெக்னீசியத்தை இடம்பெயர்க்கிறது என்பது கடற்கரையில் ஓய்ந்திருந்தபோது பிரென்னருக்குப் புலப்பட்டது; மெக்னீசியத்தை மிகுத்துச் சேர்த்ததும் சோதனை கைகூடியது. தூது ஆர்என்ஏ என்று இன்று அறியப்படும் பொருளைப் பற்றிய அந்த ஆய்வு, 1961 மே மாத 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று.

அதே ஆண்டில் ழாகோபும் மோனோவும் எழுதிய நீண்ட ஆய்வுரை, ஒடுக்கி, ஆபரேட்டர், ஓபரான், தூது ஆர்என்ஏ ஆகிய அனைத்தையும் ஒரே கட்டமைப்பில் தொகுத்துத் தந்தது. நொதிகளும் வைரஸ்களும் உண்டாவதை மரபணுக்கள் கட்டுப்படுத்தும் முறையைக் கண்டதற்காக, 1965ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ல்வோஃப், மோனோ, ழாகோப் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். அந்த ஆய்வுரையில் திருத்தம் வேண்டிய இடங்களும் இருந்தன. ஒடுக்கி ஆர்என்ஏவாக இருக்கலாம் என்று அதில் கருதப்பட்டிருக்க, 1966இல் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் லாக் ஒடுக்கியைப் பிரித்தெடுத்து அது புரதமே என்று காட்டினார்கள். லாம்டா பேஜின் ஒடுக்கி டிஎன்ஏவில் நேரடியாகப் பற்றுவதை 1967இல் மார்க் டாஷ்னி நிறுவினார். தடுத்தலால் மட்டுமின்றி, தூண்டும் புரதங்களாலும் மரபணுக்கள் இயக்கப்படுகின்றன என்பதும் பின்னர் உறுதியாயிற்று. லாக் ஓபரானுக்கே அத்தகைய தூண்டுபுரதம் உண்டு. இத்திருத்தங்களால், மரபணுவின் செயலை அதன் அருகிலுள்ள டிஎன்ஏவைப் பற்றும் பொருளொன்று கட்டுப்படுத்துகிறது என்ற அடிப்படை மேலும் தெளிவடைந்தது.

1963இல் பிரென்னர், பிரான்சுவா குசேன் ஆகியோருடன் சேர்ந்து, டிஎன்ஏ தன்னைப் படியெடுக்கத் தொடங்குவதற்கும் குறித்த ஓர் இடமும் அங்கே செயல்படும் ஒரு பொருளும் வேண்டும் என்ற ரெப்ளிகான் கருத்தை ழாகோப் முன்வைத்தார். பாக்டீரியாவில் மெய்யானது யானைக்கும் மெய்யே என்ற மோனோவின் நம்பிக்கை புகழ்பெற்றிருந்த காலத்தில், ஒரு கருமுட்டையிலிருந்து வெவ்வேறு வகை உயிரணுக்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதற்குப் பாக்டீரியாவால் மட்டும் விடை கூற இயலாது என்று கண்ட ழாகோப், தமக்குப் பெயர் தந்த துறையை விட்டு, 1970களில் எலியின் கருவளர்ச்சிக்கு மாறினார். 1970இல் வெளியான மரபுவழி பற்றிய வரலாற்று நூலிலும், பரிணாமம் கையில் கிடைத்த பழைய பாகங்களைக் கொண்டு புதியதை ஒட்டுப்போட்டு அமைப்பது என்று விளக்கிய 1977ஆம் ஆண்டுக் கட்டுரையிலும், உயிரின் எளிய வடிவங்களையும் சிக்கலான வடிவங்களையும் ஒருசேரப் பார்க்கும் அதே நோக்கு தொடர்ந்தது. 2013 ஏப்ரல் 19 அன்று, தம் 92ஆம் வயதில், அவர் காலமானார்.

அறிவியலுக்குப் பகல் முகமும் இரவு முகமும் உண்டு என்று தன்வரலாற்றில் ழாகோப் வேறுபடுத்துகிறார். இதழ்களில் ஒழுங்காக அச்சேறும் முடிவுகள் பகலுக்கு உரியவை. ஐயமும் தடுமாற்றமும் கலந்து, எதிர்பாராத ஒப்புமைகளை நாடி அலையும் சிந்தனை இரவுக்கு உரியது. லாக் ஓபரானைக் கற்பிக்கும் பாடங்கள் பெரும்பாலும் பகல் முகத்தை மட்டுமே காட்டுகின்றன. வைரஸையும் சர்க்கரையையும் ஒரே கேள்வியாகக் காண முடிந்தது, இரு சோதனைகளிலும் தம் கைகளால் உழைத்தவர் ஒருவராகவே இருந்ததாலும், அவருடைய துணைவர்கள் ஐயங்களை மறைக்காமல் வாதிட்டதாலும், தம் கருத்து பொய்த்தபோது அதைக் கைவிட மூத்தவர்கள் தயங்காததாலும்தான். ஓர் ஆய்வுக்கூடத்தைக் கட்டியெழுப்புவோரும், ஒரு பாடத்தை வகுப்பறையில் விளக்குவோரும் ழாகோபின் ஆய்வு வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தச் சூழலையே. ஓபரானின் படத்தோடு அது உருவான வரலாற்றையும் சேர்த்துக் கற்பிக்கும்போது, அடுத்த ஒப்புமையைக் காணும் துணிவு மாணவருக்கும் பிறக்கும்.